தை முதல் நாளைத் தள்ளிப்போடாதே

அம்மு,

பொங்கல் வேலை நாளில் வருகிறது, தமிழ்ச் சங்கத்தார் சனிக்கிழமைக்கு ஹால் பிடித்திருக்கிறார்கள், அதோடு முடித்துக்கொள்கிறோம் என்று போனில் சொன்னாய். சங்கத்துக்குத் தாராளமாகப் போங்கள். பேத்தி மேடையேறி ஆடட்டும். ஆனால் தை ஒன்றாம் தேதி உன் வீட்டு அடுப்பிலும் பால் பொங்க வேண்டும். அரை மணி நேர வேலைதான்.

ஊர் விட்டு வந்தவர்களின் பண்டிகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1980களின் தொடக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்தபோது எங்களுக்கு ஓசூரே வேற்றூர்தான். அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் இங்கே அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தன. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு லைன் வீடு. இந்தப் பக்கம் கன்னடக்காரர், அந்தப் பக்கம் தெலுங்குக்காரர். காய்கறிக் கடையில்கூட மூன்று பாஷையும் கலந்துதான் பேரம்.

முதல் பொங்கலுக்கு உன் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு குக்கரில் பொங்கல் வைத்தாள். "இங்கே யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். சாயங்காலம் கன்னட வீட்டம்மா புதுச்சேலையில் வந்து நின்றார். கையில் ஒரு தட்டு. வெள்ளை எள், பொடியாக நறுக்கிய வெல்லம், கொப்பரைத் துண்டு, வேர்க்கடலை, பொட்டுக்கடலை எல்லாம் கலந்து, பக்கத்தில் ஒரு துண்டு கரும்பும் சர்க்கரை அச்சும். அவர்களுக்கு அன்று சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் தின்று நல்லதையே பேசச் சொல்வார்கள். தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாதே! குக்கர் பொங்கலைக் கூச்சத்தோடு வைத்துக் கொடுத்தாள் உன் அம்மா. அடுத்த வருஷம் பானை வாசலுக்கு வந்துவிட்டது. தெலுங்கு வீட்டிலிருந்து அரிசெலு வந்தது. யுகாதிக்கு இரண்டு வீட்டிலிருந்தும் வேப்பம்பூவும் வெல்லமும். எங்கள் வரிசையில் பண்டிகை நிலைத்தது அப்படிக் கைமாறித்தான்.

வெளிநாட்டில் எல்லா ஊரும் ஒன்றல்ல. கனடாவில் நாடாளுமன்றமே 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அங்கே நம் ஆட்கள் அத்தனை பேர். நீ இருக்கிற ஸ்டுட்கார்ட்டில் அந்தப் பலம் இல்லை. வீடுதான் தாங்க வேண்டும்.

ஆசையாக எடுத்துப் போன பித்தளைப் பானை உங்கள் இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் போதும். கழுத்துவரை ஊற்று, இல்லாவிட்டால் பொங்காது. வழிந்ததும் அடுப்பு தானாக அணைந்தால் பதறாதே, துடைத்துவிட்டு மறுபடி போடு. இலையோடு மஞ்சள் கொத்து தேடி ஊரெல்லாம் அலைய வேண்டாம். பச்சை மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துப் பாத்திரத்தில் கட்டினால் ஆயிற்று. ஜனவரியில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் வருகிறது. உதயத்துக்கு முன் எழுந்திரு என்று உன்னைச் சின்ன வயதில் படுத்தியதுபோல நீ பிள்ளையைப் படுத்த வேண்டியதில்லை!

கோலம் மட்டும் யோசித்துப் போடு. வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறைவைத்துப் படிக்கட்டு கூட்டுகிற ஊர் அது. பொதுப்படியில் மாவைக் கொட்டினால் வம்பு. மனைப்பலகையில் போட்டு உன் கதவோரம் வை. புள்ளியைப் பேத்தி வைக்கட்டும், கோணினாலும் திருத்தாதே. நாம் செய்வதை வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கு அது அம்மா அப்பாவின் பண்டிகையாகவே நின்றுவிடும்.

மாட்டுப் பொங்கலுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாவை வீடியோ எடுத்து அனுப்புகிறேன், மாப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

எதிர்வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார் என்றாயே. ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலைப் பேத்தி கையில் கொடுத்து அனுப்பு. பால், நெய், முந்திரி சேர்ந்தது என்று முன்னாலேயே சொல்லிவிடு, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.