நான்கு நாட் செலவு

‘செலவு’ என்னுஞ் சொல் பழந்தமிழில் வழிப்போக்கைக் குறித்தது. இக்காலத்திற் பணம் கரைவதைக் குறிக்கின்றது. இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்து குடியேறியதன் பொருத்தத்தை, அயல்நாட்டுப் பிரயாணம் ஒன்றுக்குத் திட்டமிட அமர்ந்தவர் எவரும் முதல் வாரத்திலேயே உணர்ந்துகொள்வர். யானும் இப்போது உணர்ந்து வருகின்றேன். வருகின்ற தைத் திங்களில் எங்கள் திருமணம் நிகழ்ந்து 25 ஆண்டுகள் நிறைவுறுகின்றன. அதனை முன்னிட்டு யானும் என் இல்லாளும் நான்கு நாள் சிங்கப்பூர் சென்று வருவது என்று ஆவணியிலே தீர்மானித்தோம். தீர்மானம் ஒரு நாழிகையில் முடிந்தது. திட்டமோ மாதக்கணக்காய் வளர்ந்துகொண்டிருக்கின்றது. மலர் ஆசிரியர் பழைய மாணவர் கட்டுரை ஒன்று வேண்டுமென்று எழுதியபோது என் மேசைமீது வேறு பொருள் இல்லாமையால், இதனையே எழுதத் துணிந்தேன்.

புதுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூர் செல்லுதல் அரிய செயல் என்று இளைய மாணவர் எண்ணவேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளி விமான நிலையம் நம் புதுக்கோட்டைச் சாலையின் மேலேதான் இருக்கின்றது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதன் புதிய கட்டிடம் பயனுக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் அதன் வாயிலை அடையலாம். அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். சென்னைக்கு ரயிலில் செல்வோர் இந்நேரத்தில் விழுப்புரத்தைத் தாண்டியிருந்தாற் பெரிது. ஊரளவைப் பார்ப்பினும், பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலப்பரப்புடையது அத்தீவு. இதனைக் கேட்டு என் மூத்த மைத்துனர், “அப்படியானால் நான்கு நாள் மிகுதி” என்றார்.

அயல்நாடும் திருமணமும் பற்றிப் பேசுங்கால் இவ்வூரார் எவருக்கும் ஒரு பெயர் நினைவுக்கு வராமற் போகாது. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்மணியாகிய மோலி ஃபிங்கை மணந்தார். ஆங்கில அரசு அவ்வம்மையை அரசியாக ஏற்க மறுத்தது. மன்னர் நாட்டைவிட்டு வெளியிலேயே வாழ்ந்து 1928-இல் பாரிஸில் மறைந்தார். அவர் செய்தது நீண்ட செலவு. எங்களது நான்கு நாட் செலவு. திரும்புசீட்டும் முன்னதாகவே வாங்கியாயிற்று.

ஏன் சிங்கப்பூர் என்பதே சொல்லத்தக்க செய்தி. எனக்கு முதலில் கண்டியின் மீதுதான் நாட்டம் இருந்தது. மலையும் ஏரியும் குளிர்ந்த காற்றும் ஆண்டு நிறைவுக்குப் பொருந்துமென்று கருதினேன். என் இல்லாள் ஒரே சொல்லாற் சிங்கப்பூர் என்றாள். அவள் தந்தையார் 1951-இல், பதினாறு வயதுச் சிறுவராய், நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ என்னுங் கப்பலில் ஏறி அவ்வூர் சென்றவர். செட்டிநாட்டார் ஒருவரது வட்டிக்கடையிற் பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்து, அடுத்தாளாய் உயர்ந்து, 1977 வரை அங்கே ஊழியஞ் செய்தார். செட்டிநாட்டு வழக்கில் இதற்குக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்று பெயர். மூன்றாண்டு ஒரு கணக்கு. கணக்கு முடிந்தபின் சில திங்கள் ஊர். பிறகு மறுபடியுங் கப்பல்.

அக்கடைகள் இருந்த இடம் மார்க்கெட் தெரு. தமிழர் நாவில் அது செட்டித்தெரு. ‘கிட்டங்கி’ எனப்பட்ட நீண்டு ஒடுங்கிய கட்டிடங்கள் அங்கே வரிசையாய் நின்றன. ஒரு கிட்டங்கிக்குள் பல கடைகள். கடை என்றவுடன் கண்ணாடியும் விளக்கும் நினைக்கலாகாது. தரையில் ஒரு விரிப்பு, கணக்கெழுதச் சாய்வான மேசைப்பெட்டி ஒன்று, பின்னால் ஓர் இரும்புப்பெட்டி; இவ்வளவே ஒரு தொழில் நிலையம். அவ்விடத்திலமர்ந்து தோட்டக்காரருக்கும் வணிகருக்கும் கடன் கொடுத்தார்கள். பகலில் தொழில் நடந்த கட்டிடத்திலேயே இரவில் துயிலும் நிகழும். அங்கே பெண்டிர் வாழ்க்கைக்கு இடமில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மாமனாரின் மேசைப்பெட்டி இன்றும் இருக்கின்றது. அதன் மூடியில் மையூறிய கறை ஒன்றுண்டு. என் மகள் சிறு வயதில் அதனை ஒரு தீவின் படம் என்று கூறுவாள்.

தொல்காப்பியப் பாடத்தில், கடல்கடந்து செல்லும் செலவு மகளிரோடு நிகழ்தல் இல்லை என்னும் விதியைக் கல்லூரியிற் படித்தோம். தேர்வுக்காகப் படித்து, உரையையும் ஒப்பித்து, மறந்தும் விட்டோம். பொருள்வயிற் பிரிவு என்னுந் துறையும் அவ்வாறே. தலைவன் பொருள் தேடிப் பிரிவான்; தலைவி பல்லி சொல்லுக்குக் காத்திருப்பாள்; கார்காலம் வரும். இவையனைத்தும் புலவர் கற்பனை என்று எண்ணியிருந்த எனக்கு, என் மாமியாரைக் கண்டபின் அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. அவருக்கு 1963-இல் திருமணம். கணவர் ஊருக்கு மீண்டது 1977-இல். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களைக் கூட்டினால் மூன்று ஆண்டுகள் தேறா. ஒரே ஒருமுறை, 1964-இல், வழியனுப்ப நாகப்பட்டினம் வரை சென்றிருக்கின்றார். கப்பல் கரையை அடையாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பிரயாணிகளைப் படகிலேற்றிக் கொண்டுசெல்வர். “படகு சிறிதாகிக் கொண்டே போனது, கப்பலை யான் சரியாகப் பார்க்கவேயில்லை” என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் சொல்லிக் கேட்டதில்லை.

மாமனார் எழுதிய கடிதங்களில் அவர் திரும்பத் திரும்ப நினைவுகூர்வது ஒன்றுண்டு. டாங்க் சாலையில் 1859-இல் எழுந்த தண்டாயுதபாணி கோயிலிலிருந்து, தைப்பூசத்துக்கு முதல்நாள் முருகன் வெள்ளிரதத்தில் ஊர்வலம் வருவார். அவ்வூரார் அதனைச் செட்டிப்பூசம் என்பர். ரதம் கியோங் சைக் சாலையிலுள்ள விநாயகர் கோயில் வரை சென்று மீளும். கிட்டங்கியார் அனைவரும் உடன் நடப்பார்கள். அந்நாளில் தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை இருந்தது. 1968-இல் அதனை எடுத்துவிட்டார்கள். விடுமுறை போன செய்தியையுங் கூட அவர் தம் மனைவிக்கு எழுதியிருந்தாராம்.

நிற்க. திட்டத்துக்கு வருவேன். பிரயாண முகவர் ஒருவர் வண்ணப்படங்கள் நிறைந்த நிரல் ஒன்றைத் தந்தார். கடற்கரைப் பூந்தோட்டம், செந்தோசாத் தீவின் கேளிக்கை நிலையம், உச்சியில் நீச்சற்குளமுடைய விடுதி, இரவில் விலங்குகளைக் காணுஞ் சாலை. நான்கு பகலில் பதினோரிடம். ஒவ்வோரிடத்திலும் நிழற்படம் எடுக்க நேரம் ஒதுக்கியிருந்தார், அமர்வதற்கு ஒதுக்கவில்லை. என் மகள் அந்நிரலை மிகவும் ஆதரித்தாள். தாய் தந்தையர் எங்கே மகிழ வேண்டுமென்பதை இக்காலப் பிள்ளைகள் நன்கு அறிந்திருக்கின்றார்கள். யான் அதில் எட்டை நீக்கி, ஒன்றைச் சேர்த்தேன். அது அவ்வூரின் தாவரத்தோட்டம். அதுவும் 1859-இல் தோன்றியதே. கோயிலுக்கும் தோட்டத்துக்கும் ஒரே அகவை. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர்க் கன்றுகள் அங்கு வந்து சேர்ந்தன. 1888 முதல் அத்தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமற் பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் முறையைக் கண்டு பரப்பினார். மோட்டார் வண்டி பெருகவே ரப்பருக்கு விலையேறியது. மலாய் நாட்டுக் காடெல்லாம் தோட்டமாயிற்று. தோட்டத்துக்குக் கடன் வேண்டியிருந்தது. கடன் கொடுக்கக் கிட்டங்கி இருந்தது. கிட்டங்கிக்குக் கணக்கெழுதப் பையன்கள் வேண்டியிருந்தது. ஆகவே அக்கன்றுகளின் வழித்தோன்றல் ஒன்றைக் கண்டு, என் மாமனாரை அழைத்துச் சென்றது நீதானோ என்று கேட்க விரும்புகின்றேன்.

செட்டித்தெருவைப் பொறுத்தவரை, பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. 1970-களில் அரசு கிட்டங்கிகளைக் கையகப்படுத்தியது; பின்னர் அவை இடிபட்டன. என் மாமனார் ஊர் மீண்டதும் அதனாலேதான். அதே தெருவில் இப்போது 280 மீட்டர் உயரத்தில் 51 மாடிக் கட்டிடம் ஒன்று நிற்கின்றது, 2021-இல் முடிவுற்றது. இதனை யான் படத்திற் காட்டியபோது என் இல்லாள் நெடுநேரம் பார்த்திருந்து, “தெருவின் பெயர் இருக்கின்றதல்லவா, அது போதும்” என்றாள். கேம்பல் சந்தில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்திற் செட்டிநாட்டு வீடொன்றின் சிற்பக் கதவுநிலை நிற்கின்றது என்று அறிந்து அதனையுந் திட்டத்திற் சேர்த்தோம். காரைக்குடி வழியே எத்தனையோ முறை சென்றும் நின்று பாராத கதவுநிலையைக் கடல்கடந்து போய்ப் பார்க்கப்போகின்றோமே என்று எனக்கு நகைப்பு வந்தது.

இவ்வளவில் திட்டம் இருவருக்குரியதாகவே இருந்தது. ஐப்பசியில் ஒரு மாலை என் இல்லாள், “அம்மாவையும் அழைத்துப் போகலாமா?” என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், அக்கேள்வி எனக்கு உவப்பாயில்லை. இருபத்தைந்து ஆண்டுகளில் பிள்ளையும் பள்ளியும் கடனும் உறவினரும் இன்றி நாங்கள் இருவர் மட்டுமே கழித்த நாட்கள் மிகக் குறைவு. நான்கே நாட்களை யான் கேட்டேன். அதிலும் மூன்றாமவரா என்று தோன்றிற்று. இதனை மறைக்காமல் அவளிடங் கூறினேன். அவள் சினக்கவில்லை. “எனக்கும் நாம் இருவர் மட்டும் போகத்தான் ஆசை. ஆனால் அப்பா இருந்த ஊரை அம்மாவுக்கு முன் நான் பார்ப்பதா?” என்றாள்.

இதற்கு விடையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. எனினும் அன்றே உடன்பட்டேன் என்று சொல்லமாட்டேன். மூன்று நாள் கழிந்தது. மாமியாரே முந்திக்கொண்டு, “நீங்கள் இருவரும் போய் வாருங்கள் மாப்பிள்ளை, கல்யாண நாள் உங்களுடையது, கிழவி நடுவில் எதற்கு?” என்று மறுத்துவிட்டார். எனக்கு நாணமும் ஆறுதலும் ஒருங்கே உண்டாயின. மறுநாட் காலை யான் நாளிதழ் படித்திருக்கையில் அருகில் வந்து நின்றார். அடுப்பங்கரைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், “அங்கே தையிற் குளிருமா?” என்று கேட்டார்.

“குளிராது அத்தை, மழைதான் வரும். குடை எடுத்துக்கொள்ளலாம்” என்றேன்.

அதன்பின் வேலை விரைந்தது. எண்பதை நெருங்குபவருக்குக் கடவுச்சீட்டு வாங்குவது எளிய காரியமன்று. பிறந்த நாளை அவர் ஓர் ஆடிப்பெருக்கைக்கொண்டு கணக்கிடுகின்றார். ஆதார் அட்டை வேறொரு நாளைச் சொல்லுகின்றது. குடும்ப அட்டை மூன்றாவதொரு வயதைக் கூறுகின்றது. அரசாங்கத்துக்கு ஏற்ற ஒன்றை நிலைநிறுத்த இரண்டு முறை திருச்சிக்குச் சென்றோம். நிழற்படத்துக்கு நிற்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். எங்கே பார்ப்பதென்று அறியாமல் என்னைப் பார்த்தார். படத்தில் என்னைக் கண்டிப்பவர் போல் இருக்கின்றார். சிங்கப்பூர் விசாவுக்கு அங்கீகாரம் பெற்ற முகவர் வழியே விண்ணப்பஞ் செய்தல் வேண்டும். முதியவர்க்கென்று மருத்துவக் காப்பீடு தனியே. விமான நிலையத்திற் சக்கர நாற்காலிக்கு முன்னதாகவே எழுதிக்கொடுக்கவேண்டும். அதனைச் சொன்னவுடன், “யான் கோகர்ணம் கோயிலுக்கு நடந்து போகிறவள்” என்று அதை மட்டும் உறுதியாக மறுத்தார். அவருக்குத் தெரியாமல் எழுதிக்கொடுத்திருக்கின்றேன்.

விடுதியைச் சிராங்கூன் சாலைப் பக்கம், தேக்கா அருகில் அமர்த்தியுள்ளோம். இட்டிலி கிடைக்கும், பெயர்ப்பலகையிலுந் தமிழ் உண்டு, தமிழ் அங்கே ஆட்சிமொழி நான்கனுள் ஒன்று. அறைகள் சிறியவை என்கின்றார்கள். இரண்டறை கேட்டுள்ளேன், செலவு என்னும் சொல்லின் இரண்டாம் பொருள் இங்கேதான் முழுமையாக விளங்கியது. அவ்வூரார் டாலரை ‘வெள்ளி’ என்பர். நம் ரூபாய் அவ்வெள்ளிக்குமுன் மெலிந்து நிற்பதைப் பற்றி மாமியாரிடம் யாம் பேசுவதில்லை. மாமனார் வெள்ளியை எண்ணி ரூபாயாய் அனுப்பியவர். யாம் ரூபாயை எண்ணி வெள்ளியாய் மாற்றுகின்றோம்.

மூன்றாம் நாள் மாலை மட்டும் எங்கள் இருவருக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளது. அங்கே குடியேறியுள்ள உறவினர் வீட்டில் மாமியார் அன்று உண்பார். யாமிருவரும் ஆற்றங்கரையில் நடப்பதாக ஏற்பாடு. என்ன பேசுவதென்று இன்னுந் தீர்மானிக்கவில்லை. அது ஒன்றையாவது திட்டமிடாமல் விட்டுவைப்போம் என்கின்றாள் என் இல்லாள்.

புறப்படும் நாளைச் செட்டிப்பூசத்துக்கு முதல்நாளாக மாற்றியமைத்தோம். அதனாற் சீட்டின் விலை கூடிற்று. கடந்த வாரம் முகவர் மூன்று சீட்டுகளையும் வீட்டுக்குக் கொணர்ந்து, இருக்கை எண்களை விளக்கிக்கொண்டிருந்தார். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்து, அவர் முடித்தபின், “வெள்ளிரதம் கோயிலைவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்பும் தம்பி?” என்றார். முகவருக்கு விமானம் கிளம்பும் மணி தெரியும்; இது தெரியவில்லை. கோயிலுக்கு எழுதியிருக்கின்றேன்.