கலப்பைக் கிழங்கு

மாமி புத்தளத்து அகதி முகாமிலிருந்து எங்களோடு இருக்கவென்று கலஹாவுக்கு வந்தது 1999இல். பேக்கின் அடியில், பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கிழங்கு இருந்தது. வத்தாளங்கிழங்கு என்று நினைத்துக் குசினிக்குக் கொண்டுபோனேன். மாமி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“மகள், அது நஞ்சு. கார்த்திகைப் பூக் கிழங்கு.”

சிங்களத்தில் நியங்கலா. தமிழ்நாட்டில் செங்காந்தள்; அங்கே அதுதான் மாநில மலர். கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் ஒரு பெயர். அதிலுள்ள கொல்சிசின் ஆளைக் கொல்லும். அளந்து கொடுத்தால் கவுட் வருத்தத்துக்கு மருந்து.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் முதலாவது காந்தள்தான். மலைக்குரிய பூ என்று புலவர் சொன்னாலும் எங்கள் மலை அதற்கு லேசில் இடம் கொடுக்கவில்லை. குசினிக்குப் பின்னால் சவுக்கு மர நிழலில் நட்டேன். கொடி வெளிறி நீண்டதே தவிர மொட்டு வரவில்லை. அடுத்த மழையில் கிழங்கு அழுகிப்போனது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. மறுமுறை புத்தளம் போனபோது முகாமுக்குப் பக்கத்துப் பற்றையில் தோண்டி, இன்னும் மூன்று கொண்டுவந்தார்.

இம்முறை அவரே நட்டார். நாள் முழுக்க வெயில் படும் மேட்டில், மணல் கலந்து, படுக்கவைத்து. முளை கிழங்கின் நுனியில்தான் இருக்கிறது. நுனி முறிந்தால் போச்சு. பக்கத்தில் நாலு கம்பு ஊன்றினார். இலையின் நுனியே சுருண்டு கம்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கார்த்திகையில் பூத்தது. பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆகச் சிவந்தது. இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, கிழங்கைக் கிளறி, காய்ந்த மணலில் வைத்தார். நட்ட கிழங்கு சுருங்கிப் போயிருந்தது. அதனிடத்தில் புதுக் கிழங்கு.

மன்னாரில் மாமி வீட்டு வேலியில் அது தானாகவே படர்ந்ததாம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த வேலியை விட்டுத்தான் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார். பிறகு இயக்கம் அதே பூவைத் தன்னுடைய பூவாக்கிக்கொண்டது.

2007 நவம்பரில், எங்கள் மேல் அக்கறையுள்ள ஒருவர் வேலியோரம் நின்று மெதுவாகச் சொன்னார்: “இந்த நேரத்தில இந்தப் பூ வேணாம் தங்கச்சி. யாராவது தப்பா நினைச்சா?” எனக்குப் பயம் பிடித்தது. அன்றிரவே மொட்டெல்லாவற்றையும் கத்தரித்தேன். மாமி காலையில் மேட்டைப் பார்த்தார்.

“எங்களைத் துரத்தினதும் அவங்கதான். இப்ப பூவும் அவங்கடதா?”

அதற்குமேல் அவர் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2011இல் மன்னாருக்குப் போய்வந்தார். வீடிருந்த இடம் காடு. கிணற்றுக் கட்டின்மேல் அதே கொடி ஏறிக் கிடந்ததாம். கிழங்கு எடுத்துவந்தீர்களா என்று கேட்டேன்.

“எதுக்கு மகள்? அது அங்கேயே இருக்கட்டும். வளவை யாராவது பாத்துக்கொள்ளத்தானே வேணும்.”

மாமி மௌத்தாகிச் சில வருடங்களாகின்றன. செப்டம்பர் கடைசியில் நான்தான் நடுகிறேன். பிள்ளைகளின் கை படாமல், மணல் சட்டியை அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். இந்த வருடம் ஐந்து கிழங்கு இருந்தது. ஒன்றின் நுனி என் கையிலேயே முறிந்துவிட்டது. அதையும் சேர்த்துத்தான் நட்டேன்.