ஆற்றங்கரையில் ஒரு பெரியவர்

2019 ஜூன் மாதம் ரென் நகரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரான்சின் மேற்குக் கோடியான பிரெத்தாஞ் பிரதேசத்தின் தலைநகரம் அது. ஒரு நாள் பேரனை அழைத்துக்கொண்டு பெம்போல் துறைமுகம் பார்க்கக் கிளம்பினேன். பியேர் லொத்தி 1886-ல் எழுதிய 'ஐஸ்லாந்து மீனவன்' நாவல் நடக்கும் ஊர். பள்ளியில் அதைப் படித்த நாள் முதல் ஆசை. கேங்கானில் சின்ன ரயிலுக்கு மாறினோம். வழியில் போந்த்ரியோ என்ற ஊர் வந்ததும் பேரனுக்குப் பசி. இறங்கிவிட்டோம். பெம்போலை இன்றுவரை பார்க்கவில்லை, வருத்தமும் இல்லை.

ஊருக்கு நடுவே த்ரியோ ஆறு ஓடுகிறது. இரு கரையிலும் தோட்டங்கள் தண்ணீரில் முடியும் இடத்தில் கூரை போட்ட சின்னச் சின்ன மண்டபங்கள், கல் படிகளோடு. லவுவார் என்கிறார்கள். துணி துவைக்கும் துறை. ஐம்பது இருக்கிறதாம்! வசதியான வீடுகளுக்கு ஆளுக்கொரு துறை. மரப்பெட்டியில் வைக்கோல் போட்டு, அதில் மண்டியிட்டுத்தான் பெண்கள் துவைப்பார்களாம். இப்போது எல்லாவற்றிலும் பூந்தொட்டிகள்.

பாலத்தருகே பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். நான் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசியதும் சிரித்தார்.

"மிசியே, உங்கள் பிரெஞ்சு பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு."

எனக்குச் சுருக்கென்றது. புதுவையில் அரசு அலுவலகத்தில் 34 வருடம் குப்பை கொட்டியவன். பழைய பிரெஞ்சுப் பத்திரம் எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். முகம் மாறியதைக் கவனித்தாரோ என்னவோ, உடனே சொன்னார்: "என்னுடையதும் அப்படித்தான். ஆறு வயது வரை எனக்கு பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது."

அவர் வீட்டில் பிரெத்தோன் மொழி. பிரெஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேல்ஸ் மொழிக்குத்தான் சொந்தம். அம்மா பிறர் வீட்டுத் துணி துவைத்தவர். துறையில் ஊர்வம்பெல்லாம் பிரெத்தோனில்தான். பள்ளியில் அந்த மொழியில் வாய் திறந்தால் கழுத்தில் ஒரு மரச்செருப்பை மாட்டுவார்களாம். 'சின்னம்' என்று அதற்குப் பெயர். இன்னொரு பையன் பிரெத்தோன் பேசுவதைப் பிடித்துக் கொடுத்தால் அவன் கழுத்துக்கு மாறும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை.

"காட்டிக் கொடுக்கக் கற்றுக்கொண்டோம். பிரெஞ்சும் கற்றுக்கொண்டோம்" என்றார்.

நான் படித்த பள்ளியில் செருப்பு கிடையாது. வகுப்பில் தமிழில் பேசினால் 'நான் தமிழ் பேசமாட்டேன்' என்று பிரெஞ்சில் நூறு தடவை எழுத வேண்டும், அவ்வளவுதான். என் கையெழுத்து அழகாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வேன். பிரான்சிலேயே பிறந்தவனுக்கும் இதே கதி என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.

1951-ல் சட்டம் வந்து பிரெத்தோனைப் பள்ளியில் கற்பிக்கலாம் என்றானது. 1977-ல் பிரெத்தோன் வழியிலேயே கற்பிக்கும் திவான் பள்ளிகள் தொடங்கின. "உங்கள் பிள்ளைகள் பேசுவார்களா?" என்று கேட்டேன். "நான் பேசவில்லையே, அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? செருப்பு என் கழுத்தோடு போகட்டும் என்று நினைத்தேன்."

நான் பதில் சொல்லவில்லை. என் மகனிடம் சின்ன வயதில் நானும் பிரெஞ்சில்தான் பேசினேன். வேலை கிடைக்கும் என்று. கிடைத்தது. என் மனைவி மட்டும் பிடிவாதமாகத் தமிழில் திட்டுவாள். அந்தத் திட்டுகள்தான் அவனிடம் மிஞ்சியிருக்கும் தமிழ்.

கிளம்பும்போது ஆற்றைக் காட்டி, தண்ணீருக்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். "தூர்" என்றார். எங்கள் ஊரில் கிணற்றடியில் அள்ளிக் கொட்டுகிற சேற்றுக்கு அந்தப் பெயர் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

ரயிலில் பேரன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பிரெஞ்சில் கேட்டான்: "தாத்தா, இதற்குத் தமிழில் என்ன?" ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் மின்னியது.

"ஆறு."

"அது நம்பர் இல்லையா? பாட்டி ஒன்று, இரண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறார்."

"இரண்டுக்கும் அதே சொல்தான்."

"ஆரு" என்றான். பிரெஞ்சு 'ர' தொண்டையிலிருந்து வந்தது. திருத்தினேன். கேங்கான் வருவதற்குள் ஏழெட்டு தடவை சொல்லிப் பார்த்தான். ஒரு தடவை சரியாக வந்தது.