பாதைக்கும் உரிமை உண்டு

தஞ்சைக் கீழவாசல் பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை. குத்பாவுக்குப் பிந்திவிடுவோமோ என்ற பதற்றத்தில், பள்ளிவாசலை அடுத்த நடைபாதையின்மேல் என் ஸ்கூட்டரை ஏற்றி நிறுத்திவிட்டு உள்ளே விரைந்தேன். எனக்கு முன்பே முப்பது நாற்பது வண்டிகள் அவ்வாறே நின்றன. ஆகவே மனம் உறுத்தவில்லை.

தொழுது வெளியே வந்தபோது, கீரைக்கூடை சுமந்து விற்கும் மூதாட்டி ஒருவர் என் வண்டியருகே தரையில் அமர்ந்திருந்தார். நடைபாதையில் வழியின்றிச் சாலையில் இறங்கிய அவரை ஆட்டோ ஒன்று இடித்துத் தள்ளிவிட்டது. முழங்கையில் இரத்தம் கசிந்தது. சிதறிய கீரைக்கட்டுகளைப் பொறுக்கிக் கூடையில் வைத்தேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "வண்டியெல்லாம் மேல ஏறி நின்னா, நாங்க எங்க பாய் நடக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்குரிய விடையை மாணவர்களுக்குப் பல்லாண்டுகளாகப் பாடமாகச் சொல்லி வருபவன் நான். பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு அறிவுறுத்தினார்கள்; தவிர்க்க இயலாதெனில் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். பிறருக்கு இடையூறு செய்யாதிருத்தல் அவ்வுரிமைகளுள் ஒன்று. பாதையின் அகலம் குறித்துப் பிணக்கு நேர்ந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்ற தீர்ப்பும் நபிமொழித் தொகுப்புகளில் உண்டு. வாகனத்தில் செல்பவரே நடந்து செல்பவருக்கு முதலில் ஸலாம் உரைக்க வேண்டும் என்பதும் நபிவழிதான். வலிமை பெற்றவன் எளியவனுக்குப் பணிய வேண்டும் என்பதே இதன் உட்பொருள் என்று நான் விளக்குவது வழக்கம். அன்றோ, என் வாகனம் ஸலாமுக்குப் பதிலாகக் காயத்தைக் கொடுத்துவிட்டது.

நான் மட்டும் எப்போதும் வாகனக்காரனாகவா இருந்தேன்? மதரஸாவில் ஓதிய நாட்களில், கிதாபுகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு அய்யம்பேட்டையிலிருந்து தஞ்சைக்கு வாடகை சைக்கிளில் வந்தவன்தான். வழியெங்கும் நாற்றங்கால்களின் பசுமை. வாய்க்கால் மதகுகளில் இளைப்பாறல். நகருக்குள்ளும் சைக்கிள்களே மிகுதி. நெல் வியாபாரியும் குமாஸ்தாவும் மாணவனும் ஒரே வேகத்தில் சென்றோம். எதிர்ப்படுவோரின் முகம் தெரிந்தது. இன்று தெரிவது முகப்பு விளக்கு மட்டுமே.

தஞ்சையின் நடுப்பகுதி மோட்டார் வாகனங்களுக்காக அமைந்ததன்று. அரண்மனையைச் சூழ்ந்த கீழ வீதி, மேல வீதி, தெற்கு வீதி, வடக்கு வீதி ஆகிய நான்கு ராஜ வீதிகளும் மாந்தர் நடப்பதற்கும் தேர் உலா வருவதற்கும் ஏற்பட்டவை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஓடாதிருந்த பெரிய கோயில் தேர் 2015-இல் மீண்டும் ஓடியது. தேரோட்ட நாளில் இவ்வீதிகளைக் கண்டோருக்கு ஓர் உண்மை புலப்பட்டிருக்கும். ஒரு வீட்டையும் இடிக்காமல், ஒரு கடையையும் அகற்றாமல், வண்டிகளை விலக்கிய அளவிலேயே வீதி அகன்றுவிடுகிறது. ஆக, இடம் இல்லை என்பது பொருந்தாது. இருக்கும் இடத்தை யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

சீர்மிகு நகரத் திட்டத்தில் 2016-இல் தஞ்சை தேர்ந்தெடுக்கப்பட்டது. பழைய பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பட்டது, அய்யன்குளம் சீர்பெற்றது. நன்றிக்குரியவையே. எனினும் கல் பாவிவிட்டால் மட்டும் நடைபாதை ஆகிவிடாது. அதன்மேல் வண்டி நின்றால் அது வண்டிக்கொட்டகையே. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழ்வுரிமையைச் சார்ந்தது என உச்ச நீதிமன்றம் 2025-இல் கூறியிருப்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வாகனத்தைத் தடுத்தால் வாணிபம் கெடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது இயல்பு. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரிலும் வணிகர்கள் அவ்வாறே எதிர்த்தனர். அங்கே 1977-இல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குக் கார்கள் நேரே செல்ல இயலாது. வெளிச்சாலைக்குப் போய்ச் சுற்றி வரவேண்டும். நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் நேரே போகலாம். இன்று அது சைக்கிளுக்குப் பேர்பெற்ற நகரம், கடைத்தெரு பாழாகிவிடவில்லை. அவ்வளவு தொலைவு ஏன்? சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதைகள் திறக்கப்பட்டன. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் வாகனங்களை நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊர்க் கடைக்கு வருவோரும், பேருந்திலிருந்து இறங்கிய பின் கால்நடையாகத்தானே வருகிறார்கள்!

அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். நம் முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். இன்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. நம் பெண்மக்கள் ஆற்றங்கரைச் சாலைகளில் அச்சமின்றி ஓட்டி வருகிறார்கள். நகர எல்லைக்கு வந்ததும் இறங்கி உருட்டுகிறார்கள். சைக்கிளைக் கொடுத்தோம், அது செல்வதற்கு ஒரு முழ இடத்தைக் கொடுத்தோமா?

மாநகராட்சியினர் செய்ய வேண்டியவை பல. நாம் செய்யக்கூடியது நம் வாசலிலேயே கிடக்கிறது. அடுத்த வாரம் ஜமாஅத் பெரியவர்களிடம் நடந்ததைச் சொல்லி, குற்றம் என்னுடையது என்பதையும் ஒப்புக்கொண்டேன். அருகிலுள்ள காலி மனையின் உரிமையாளர் ஜும்ஆ நேரத்திற்கு மட்டும் இடம் தர இசைந்தார். இருநூறு அடி நடக்கவேண்டுமே என்று சிலர் முணுமுணுத்தனர். முதல் வாரம் பாதி வண்டிகளே அங்கே சென்றன. மறுவாரம் இன்னும் சில சென்றன.

நான் பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெயிட்டு மீண்டும் ஓட்டத் தொடங்கினேன். சென்ற வெள்ளியன்று அந்த மூதாட்டி எதிரே வந்தார். நடைபாதை ஒழிந்து கிடந்தது. கூடையுடன் அதன்மேல் நடந்தார். வாகனத்தில் இருந்தவன் நான் அல்லவா? சைக்கிளிலிருந்து இறங்கி, "சுகமா அம்மா?" என்று நானே முதலில் கேட்டேன். "இன்னிக்கு வழி இருக்குது பாய்" என்றார்.

இன்று ஒரு தெருவில் இருக்கும் வழி, நாளை நான்கு வீதிகளிலும் இருக்க இறைவன் அருள்வானாக!