காலை எட்டு மணிச் சண்டை

நிபோங் திபாலில் நாங்கள் இருக்கும் தாமானில், பட்டப்பகலில் தடித்த திரை போட்டு மூடிய வீட்டைக் கண்டால் யாரும் மணி அடிக்க மாட்டார்கள். உள்ளே யாரோ நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறார்கள் என்று அர்த்தம். தபால்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாத ஆள் ஒருவர்தான், பழைய பேப்பர் வாங்க வரும் வேன்காரர். பதினொரு மணி வாக்கில் ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கி எங்கள் லோரோங்கில் நுழையும். என் வீட்டுக்காரர் புரண்டு படுக்கும் சத்தம் தையல் மிஷின்வரை கேட்கும்.

அவருக்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மாலை ஐந்தரைக்கு ஃபேக்டரி பஸ் ஏறினால் மறுநாள் காலை எட்டுக்குத்தான் வாசலில் இறங்குவார். 1972-இல் அங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்தது. 1985-இல் தீவுக்கு முதல் பாலம், 2014-இல் பத்து காவானிலிருந்து 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டாவது பாலம். பாலம் வர வர, தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தீவு பக்கமாகிவிட்டது. வீடுதான் கொஞ்சம் தூரமாய்ப் போயிற்று.

எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கு நேரம் காலை எட்டு. நான் குளித்து, சாமி கும்பிட்டு, அன்றைய வேலைகளை மனத்தில் அடுக்கி வைத்திருப்பேன். தண்ணீர் பில், மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம், அவர் தம்பி கேட்ட கைமாற்று எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். அவரோ சப்பாத்தைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் வந்து நிற்பார். நான் சாதாரணமாகக் கேட்பது அவர் காதில் குற்றச்சாட்டாக விழும். அவர் ‘ம்’ என்பது எனக்கு அலட்சியமாகப் படும். பிறகென்ன, பசியாறிய தட்டு மேசையிலேயே காயும்.

நம் ஊர்க் கோயில் மண்டபங்களில் பேச வரும் தன்முனைப்புப் பேச்சாளர்கள் இதற்கெல்லாம் குணத்தைத்தான் காரணம் சொல்வார்கள். கோபத்தை வெல்லுங்கள், எண்ணத்தை மாற்றுங்கள், வாழ்க்கை மாறும். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருவோம். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தூங்காத மனிதனிடம் குணத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? உடம்புக்குள் ஓடும் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தின் முள்ளைத் திருத்தி வைப்பது வெளிச்சம். இரவெல்லாம் வேலை செய்தவர் சுள்ளென்ற வெயிலில் வீடு வந்து படுத்தால், ‘எழுந்திரு, விடிந்துவிட்டது’ என்று உடம்பே அவரை எழுப்பும். பகல் தூக்கம் குறையும், அதுவும் துண்டு துண்டாய்ப் போகும். 2023 ஜனவரி முதல் வார வேலை நேரத்தை 48-லிருந்து 45 மணியாகச் சட்டம் குறைத்தது; நல்லதுதான். ஆனால் சட்டத்துக்கு மணியை எண்ணத் தெரியும், அது பகலா இரவா என்று பார்க்கத் தெரியாது.

என் மாமியார் கலிடோனியா பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். கலிடோனியா, பைராம் எல்லாம் ஒரு காலத்தில் கரும்பு, பிறகு ரப்பர், இப்போது செம்பனை. அத்தை கண்டது ரப்பர் காலம். விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் விளக்கோடு மரத்துக்குப் போனால், பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம் திரும்பலாம். லயம் முழுக்க ஒரே நேரத்தில் எழும், ஒரே நேரத்தில் அசரும். புருசனும் பெண்டாட்டியும் ஒரே களைப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் களைப்பை மற்றவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலமே பொற்காலம் என்று யாராவது ஆரம்பித்தால் அத்தைக்கே பிடிக்காது. அந்தக் கடிகாரம் துரையுடையது. சாயங்காலமானால் சம்சு, அதன் பிறகு அடி. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொள்வார்கள். நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதற்காகக் கேள்வி கேட்க ஆள் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் ஒரு பழக்கத்தை அத்தை அங்கிருந்து கொண்டு வந்திருக்கிறார். ஒருநாள் எங்கள் எட்டு மணிக் கச்சேரி முடிந்த பிறகு அடுப்படிக்கு வந்தவர், “ஏம்மா, வந்த மனுசன் மூஞ்சியில குடும்பத்தத் தூக்கி எறியாத. குளிச்சு, தின்னு, தூங்கி எந்திரிக்கட்டும். பில்லு எங்கயும் ஓடாது” என்றார். மகனுக்குப் பரிந்து பேசுகிறார் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு ஒரு காகிதத்தை ஐஸ்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். சொல்ல வேண்டியதெல்லாம் அதில். மூன்று மணிக்கு எழுந்து கோப்பி ஓவோடு வந்து நின்று படிப்பார். சிலவற்றுக்குப் பக்கத்திலேயே பேனாவால் பதில்: ‘கட்டியாச்சு’, ‘தம்பிகிட்ட நான் பேசுறேன்’.

மகன் நான்காம் படிவம். கணக்குத் தாளில் 31 மதிப்பெண். அதையும் அங்கேயே மாட்டினேன். பையன் பள்ளி விட்டு வந்ததும் தன் தாளைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். அவர் எழுந்து வந்து, கண்ணாடி போட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டினார். “தம்பி, இங்க வா. எந்த இடத்துல மாட்டிக்கிட்ட, காட்டு” என்றார். காலை எட்டு மணியாக இருந்திருந்தால் அந்தத் தாள் பறந்திருக்கும். ஆள் அதே ஆள்தான்.

இந்த முறையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம் என்று தள்ளிப் போட்டதில் சில விஷயங்கள் பேசப்படாமலே போயின. சீட்டில் எழுத முடியாதவை அவை. போன வருஷம் அவர் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டார். ஓய்வு நாளிலும் ஹாலில் விளக்கில்லாமல் உட்கார்ந்திருப்பார். நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்று 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. 2019-இல் அது 2.3. தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்த சட்டப் பிரிவைக்கூட 2023-இல்தான் எடுத்தார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 15555-க்கு அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் அது, 2022-இல் வந்தது. அழைப்பாரா இவர்? மாட்டார்.

அரசாங்க கிளினிக்குக்கு, பிரஷர் பார்க்க என்று சொல்லித்தான் அழைத்துப் போனேன். மனநிலை பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தாதி அதை ஓரமாக வைத்துவிட்டு, “எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?” என்று மட்டும் கேட்டார். மனுசன் இருபது நிமிடம் பேசினார். பேப்பர் வேனில் தொடங்கி, லைனில் நின்றபடியே கண் சொக்கிய இரவுவரை. கவலை உண்டா என்று கேட்டால் நம் ஆண்கள் வாயைத் திறப்பதில்லை; தூக்கத்தைக் கேட்டால் எல்லாம் வருகிறது. எனக்கு இது இத்தனை வருஷம் தோன்றவே இல்லை.

இப்போது பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார். மாறினால் இரவுப்படி போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்ததில் அது ஏறக்குறைய மாதாந்திரக் கார்த் தவணைக்குச் சமம். காரை விற்றுவிட்டு மோட்டாரோடு சமாளிப்பதா என்பதில் வீடு இரண்டு கட்சியாக நிற்கிறது. அத்தையும் நானும் விற்கச் சொல்கிறோம். அப்பாவும் மகனும் எதிர்க்கட்சி.