கதவைத் திறந்து வைத்தேன்

தம்பி கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனதும் கிள்ளான் வீட்டில் நானும் அம்மாவும்தான். காலியான பின்னறையைப் பாட்டுக் கேட்கும் அறையாக்கினேன். பத்தடிக்குப் பத்தடி. புது ஸ்பீக்கர்களில் இளையராஜாவின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ஹௌ டு நேம் இட்'டைப் போட்டால், பேஸ் மட்டும் குடத்துக்குள் உறுமியது.

குறை ஸ்பீக்கரில் இல்லை. அறை சதுரம். எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டு ஜோடியும் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ் ஒலியையே சேர்ந்து பெருக்குகின்றன. மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டிப் பணத்தை வீணாக்கினேன். அது கீச்சொலியைத்தான் தின்றது. மூலைகளில் தடித்த ராக்வூல் பலகைகளை நிறுத்தி, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்த பிறகே உறுமல் கொஞ்சம் அடங்கி, வயலின் வயலினாகக் கேட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தெருச் சத்தம் வேண்டாமென்று கதவைச் சுற்றி ரப்பர் பட்டையும் அடித்தேன்.

ஒரு ஞாயிறு மாலை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. இசைத்தட்டு முடிந்து வெளியே வந்தபோது சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

"நீ பாட்டு கேட்டுக்கிட்டு இருப்பேன்னு தெரியும்யா. அதான் கத்துறத விட்டுட்டேன்" என்றார்.

அன்றிரவே பட்டையைப் பிய்த்தேன். இப்போது கதவு திறந்தே இருக்கிறது. பக்கத்து வீட்டு நாயும் பாட்டில் சேர்ந்துகொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், கதவைத் திறந்தால் அந்த உறுமலும் இன்னும் சற்றுக் குறைகிறது. அம்மா அறை வாசலில் நாற்காலி போட்டுக் கீரை ஆய்கிறார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வையேன்யா" என்கிறார்.