பழைய ஹெட்போனும் பல்லாவரம் சந்தையும்

வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால், “இதற்கெல்லாம் இப்பொழுது உதிரிப் பாகம் கிடைக்காது” என்ற சொல் எளிதாக நம் நாவில் வந்துவிடுகிறது. அச்சொல் எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் எங்களுக்குக் கிட்டியது. அதன்பொருட்டுத் தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்கும் ரிச்சி தெருவுக்கும் சென்றுவந்த கதையை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

எங்கள் தந்தையாருக்கு அகவை எண்பத்து நான்கு. செவிப்புலன் மங்கிவிட்டது. மாலையில் வானொலியையும் பழைய டேப் ரிக்கார்டரையும் அவர் கேட்கும் ஒலி மூன்று அறைகளை நிரப்பும். மகளுக்கோ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. “சற்றுக் குறைத்து வையுங்கள், அப்பா” என்று நாள்தோறும் சொல்லிவந்தோம். ஒரு நாள் அவர் ஒன்றும் பேசாமல் அதை நிறுத்தினார். பிறகு தொடவே இல்லை. அந்த அமைதி எங்களுக்கு வசதியாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இரண்டு வாரம் சென்றபின் மனம் உறுத்தியது. காதுக்குள் செருகும் புதிய கருவி ஒன்றை வாங்கித் தந்தோம். அது அவர் காதில் நிற்கவில்லை. “பரண்மேல் என் பழைய ஹெட்போன் இருக்கும், அது போதும்” என்றார். இரவு நேரங்களில், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து சிற்றலையில் வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியை அதில்தான் அவர் கேட்பார். அச்சிற்றலை ஒலிபரப்பு 2018-ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஹெட்போனும் பரணுக்குப் போயிற்று.

பெட்டியைத் திறந்தபோது காதுறையின் மஞ்சள் ஸ்பாஞ்ச் கைபட்டதும் தூளாக உதிர்ந்தது. கம்பி விறைத்திருந்தது. இடப்புறம் ஒலியே இல்லை. தாம்பரத்தில் மூன்று கடைகளில் காட்டினோம். மூன்றிலும், “புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்” என்பதே விடை.

நான்காவதாகச் சேலையூரில் ஒரு முதிய ரேடியோ மெக்கானிக்கைக் கண்டோம். அவர் ஒரு பேட்டரி செல்லை எடுத்து, காதுப் பகுதியின் இரு முனைகளிலும் நொடிப்பொழுது தொட்டார். “டிக்” என்று ஓர் ஒலி கேட்டது. “ஐயா, காது உயிரோடுதான் இருக்கிறது, நரம்புதான் அறுந்திருக்கிறது” என்றார். உள்ளே இருப்பவை ஒரு காந்தமும், மெல்லிய கம்பிச் சுருளும், அதனோடு ஒட்டிய தாள் போன்ற சவ்வுமே என்று விளக்கினார். சுருள் அறுந்தால்தான் கடினமாம். மற்றவை அனைத்தும் மாற்றத் தக்கவை. கம்பி, பிளக், ஸ்பாஞ்ச், சிறு ஆம்ப்ளிஃபையர் என நான்கு பொருள்களை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார்.

முதல் இரண்டையும் தேடி ஒரு வெள்ளிக்கிழமை காலை மகனுடன் மின்ரயில் ஏறினோம். கடற்கரை நிலையம் முதல் தாம்பரம் வரையிலான இத்தடம் 1931-ஆம் ஆண்டில் மின்மயமானது. 2004 வரை மீட்டர் பாதை மின்வண்டிகள் இதில் ஓடின. சானடோரியம், குரோம்பேட்டை கடந்ததும் பல்லாவரம்.

பழைய டிரங்க் சாலையில் வெள்ளிதோறும் கூடும் அச்சந்தையில் பூச்செடியும் உண்டு, புறாவும் உண்டு. கதவும் கட்டிலும், தையல் இயந்திரமும், ஊமையாகிப்போன வானொலிப் பெட்டிகளும் தரையில் பரப்பப்பட்டிருக்கும். முன்னாளில் இத்தகைய பொருள்களுக்கு மூர் மார்க்கெட்டை நாடினர் நம் மக்கள். அது 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. பல்லாவரத்திற்கோ பழம்பொருள் புதிதன்று. 1863-ஆம் ஆண்டில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் பூட், பழைய கற்காலத்துக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தது இவ்வூரில்தான். மனிதன் கல்லைச் செதுக்கிக் கருவியாக்கிய காலத்தின் சான்று கிடைத்த மண்ணில், நாங்கள் ஒரு முழம் கம்பிக்காகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணி நேரம் அலைந்தபின், பள்ளிகளில் மொழிப்பயிற்சிக்குப் பயன்பட்டது போன்ற ஒரு ஹெட்போன் அகப்பட்டது. அதன் காதுகள் இரண்டும் செத்தவை. ஆனால் கம்பியும் பிளக்கும் புதுமை குன்றாமல் இருந்தன. முந்நூறு கேட்டார், இருநூறுக்குத் தந்தார். அந்தத் தடித்த பிளக் 6.3 மில்லிமீட்டர் அளவுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைபேசி நிலையங்களில் இணைப்பு மாற்றுவதற்காக உருவான அவ்வகையே இன்றும் இசைக்கருவிகளில் வழங்குகிறது.

மறுநாள் எழும்பூரில் இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அடைந்தோம். அத்தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் மின்னணுப் பொருள் விற்கும் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தோல் போன்ற உறையிட்ட காதுமெத்தைகள் பலவற்றைக் காட்டினார்கள். வாங்கும் முன் சேலையூர்ப் பெரியவரைத் தொலைபேசியில் கேட்டோம். “வேண்டாம்” என்றார். முற்காலத்து ஹெட்போன்கள் கிண்ணம்போல் காதை மூடுபவை. 1968-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் பின்புறம் திறந்த வகையை வெளியிட்டது, எங்களுடையதும் அத்தகையதே. அதில் ஒலி ஸ்பாஞ்சின் ஊடாகவே காதுக்கு வருவதால், காற்றுப் புகும் ஸ்பாஞ்சே வேண்டும். தோலுறை இட்டால் குரலின் தன்மையே மாறிவிடும்.

ஆகவே ஒலிபெருக்கியின் முகப்பில் ஒட்டும் ஸ்பாஞ்ச் தகடு ஒன்றை வாங்கினோம். பழையது ஏன் தூளாயிற்று என்றால், அவ்வகை ஸ்பாஞ்ச் வெப்பத்தாலும் காற்றின் ஈரத்தாலும் பயன்படுத்தாமலே சிதைந்துவிடும். கடலோர ஊர்களில் விரைவாகவே சிதையும். ஆம்ப்ளிஃபையர் பலகையும் அங்கேயே கிடைத்தது. இக்காலத்து ஹெட்போன்கள் பெரும்பாலும் 32 ஓம் அளவினவாக இருக்க, எங்களுடையது 600 ஓம் அளவினது. அதனால் சிறு கருவிகளோடு நேராக இணைத்தால் ஒலி மெலிந்தே கேட்கும்.

சேலையூரில் அன்று மாலையே வேலை தொடங்கியது. ஹெட்போன் கம்பி சாதாரணக் கம்பியன்று. நூலிழையின்மேல் செம்புத் தகட்டை ஜிகினாபோல் சுற்றி, அரக்குப் பூசியிருப்பார்கள். வளைந்து கொடுப்பதற்காக அப்படி. அரக்கைச் சூட்டால் போக்கிய பிறகே ஈயம் ஒட்டும். அவர் நடுங்கும் விரல்களால் அதைச் செய்து முடித்தார். ஸ்பாஞ்ச் தகட்டில் ஒரு தம்ளரைக் கவிழ்த்து வட்டமிட்டு, எங்கள் மகன் இரண்டு காதுறைகளை வெட்டினான். கூலியாகப் பெரியவர் கேட்டது நூற்றைம்பது ரூபாய். ஒரு யோசனையும் சொன்னார்: ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் எஞ்சிய செவிப்புலனும் கெடும், எனவே ஆம்ப்ளிஃபையரின் திருகில் ஓரிடத்தில் பெயின்டால் புள்ளி வைத்து, அதற்குமேல் திருப்பவேண்டாம் என்றார்.

இத்தகைய தேடலுக்குப் புறப்படும் அன்பர்கள் பழுதுபட்ட பொருளைக் கையோடு எடுத்துச் செல்க. விட்டத்தையும் தடிமனையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்க. பல்லாவரத்திற்கு வெள்ளியன்றே செல்க. பெயரைச் சொல்லிக் கேட்டால் “இல்லை” என்பார்கள். பொருளைக் காட்டினால், அதற்குப் பதிலாக எது பொருந்தும் என்று சிந்திப்பார்கள்.

அன்றிரவு தந்தையார் ஹெட்போனை அணிந்து ஒரு கேசட்டைப் போட்டார். ‘கிறிஸ்துமஸ் 1984, பாடகர் குழு’ என்று அவர் கையெழுத்தில் எழுதியிருந்தது. கண்களை மூடி நெடுநேரம் அமர்ந்திருந்தார். வீட்டில் எவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பேத்தியை அழைத்து, ஹெட்போனை அவள் தலையில் வைத்து, “இரண்டாம் பாட்டில் தனித்துப் பாடுவது உன் பாட்டி” என்றார். அவள் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் தாயார் இறைவனடி சேர்ந்துவிட்டார். அவரது குரலை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். புத்தகம் மேசைமேல் திறந்தபடியே கிடந்தது.

எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு ஆயிரம் ரூபாய்க்குள்; நேரம் இரண்டு நாள்கள். “சற்றுக் குறைத்து வையுங்கள்” என்று முதன்முறை சொன்ன அன்றே இப்பயணத்தைத் தொடங்கியிருக்கலாம் என்று இப்பொழுது நினைத்துக்கொள்கிறோம்.